கம்பு இலை சொல்லும் ‘போதும்’

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பட்டாசு ஆலை அதிபர் சங்கரலிங்கம் அய்யா அவர்களே, எம். புதுப்பட்டியின் ஏற்றமிகு பெரியோர்களே, ஆலையிலிருந்து வந்த கையோடு, காப்பிகூடக் குடிக்காமல் வந்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பொன்மணியின் பணிவான வணக்கம்.

கம்பு இலைக்குள் நடக்கும் அமிலக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். என்ன அண்ணே? “பட்டாசு ஊர்ல கம்புக்கு என்ன சோலி?” என்கிறீர்களா? சோலி இருக்கிறது, பொறுங்கள்.

கரிசலில் நிற்கும் கம்பு, காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கிறது. பிடித்ததை முதலில் அமிலமாக்குகிறது, அமிலத்தை உள்ளறைக்கு அனுப்புகிறது, அங்கே சர்க்கரை சமைக்கிறது. அமிலமாக்கும் அந்த வேலைக்காரனுக்கு நொதி என்று பெயர். வெயில் ஏறினால் வேகமெடுப்பான். வெயில் தாழ்ந்தால் வேகம் தணிவான். அவனை விரட்ட போர்மேன் உண்டா? அவனை நிறுத்த மணியடிக்க ஆள் உண்டா? இல்லை. உள்ளறை வாங்க முடியாமல் அமிலம் தேங்கினால், தேங்கிய அமிலமே அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. போதும் என்கிறது. அவனும் அடங்கிவிடுகிறான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நாம் வாயால் சொல்கிறோம். அந்த இலை செய்துகாட்டுகிறது.

நம் தொழிலிலும் அப்படி ஒரு போதும் உண்டு. காலைக் குளுமையில் வெடிமருந்து கலப்போம். அன்றைக்குப் பட்டாசுக் குழாயில் செலுத்தும் அளவே கலப்போம். கலந்த மருந்தை ராத்தங்க விடமாட்டோம். தங்கிய மருந்து தானே சூடேறி வெடிக்கும் என்பது இங்கே எந்தத் தாய்க்குத் தெரியாது?

என் தம்பி முத்துப்பாண்டி, தலைவர் அய்யாவின் ஆலையில் மருந்து கலந்தவன். போன வாரம் சீசன் அவசரத்தில் போர்மேன் சொல்லியிருக்கிறார்: “ஏலே, நாளைக்கும் சேத்துக் கலந்து வையி. ஆர்டர் நிக்குதுலே.”

“இருக்கிற மருந்தே இன்னும் செலுத்தி முடியலண்ணே. பக்கத்து அறையில பொம்பளையாளுக இருக்காக. நான் கலக்க மாட்டேன்” என்றான் தம்பி.

அன்றோடு வேலை போயிற்று. அதோ, தூணோரம் நிற்கிறானே, அவன்தான். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் சண்டைக்கு வரவில்லை அய்யா, கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

போதும் என்று சொன்ன அமிலத்தை இலை வெளியே தள்ளுவதில்லை. போதும் என்று சொன்ன பிள்ளையை நாம் வெளியே நிறுத்தலாமா? அவன் சொன்னது தனக்காக மட்டுமா? பக்கத்து அறையில் இருந்த இந்தத் தாய்மார்களுக்காக அல்லவா? உங்கள் ஆலைக்காகவும் அல்லவா?

இருங்கள், தலைவர் ஏதோ சொல்கிறார். “இது என் காதுக்கு வரலயேம்மா. நாளைக்குக் காலையில அவனை வரச்சொல்லு. மிச்ச மருந்து வைக்கக் கூடாதுன்னு போர்மேன்ட்ட நானே சொல்றேன்” என்கிறார். கேட்டீர்களா தாய்மார்களே?

முத்துப்பாண்டி, நாளைக்கு வேலைக்குப் போ. யாராவது மறுபடியும் கேட்டால், நீயும் மறுபடி அதையே சொல்.

கேட்டதும் கொடுத்த தலைவருக்கும், பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. காலையில் ஆலைக்குப் போகிற அத்தனை பேரும் மாலையில் வீடு வந்து சேர வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.