சொந்த ஆளைச் சுடுகிறவன்

மரக்காணம் பக்கம் கம்ப்யூட்டர் கடை நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை சார். உப்புக் காற்றுக்கு மவுஸ் தாங்காது. பட்டன் ஒட்டிக்கொள்ளும், விரலை எடுத்த பிறகும் சுட்டுக்கொண்டே இருக்கும். கூனிமேட்டு முனீர் பாய் கடையில் நானும் தேசப்பனும் ஒரே அணியில் துப்பாக்கி ஆட்டம் ஆடியபோது, என் குண்டில் அவன் செத்ததெல்லாம் முதலில் அப்படித்தான்.

அந்த ஆட்டத்தில் சொந்த ஆள் சுட்டுச் செத்தால், செத்தவனிடம் திரை கேட்கும், மன்னிக்கிறாயா, தண்டிக்கிறாயா என்று. தண்டித்தால் சுட்டவன் அடுத்த ரவுண்டு வெளியே உட்கார வேண்டும். தேசப்பன் ஒரு தடவைகூட என்னைத் தண்டித்ததில்லை. "விடுடா, கை தவறிடுச்சி" என்பான். அடுத்த ரவுண்டில் மறுபடியும் எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவான்.

எங்கள் அப்பாக்கள் இருவரும் ஒரே உப்பளத்தில் கூலி. நாங்களும் அங்கேயே வளர்ந்தோம். அவனை விட்டால் எனக்கு ஆள் கிடையாது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம், மழைக்கு உப்பளம் மூடியிருந்த நேரத்தில், அவனுக்கு மஸ்கட் விசா வந்தது. கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான், எனக்கு மட்டும் இரண்டு. அவன் கண் முன்னாலேயே இரண்டையும் தின்றேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் தவறிச் சுடவில்லை. தினமும் எங்கள் அணியில் யாரையாவது சுட்டேன், அதிகமும் அவனைத்தான். "சாரிடா, மவுஸ் மாட்டிக்கிச்சி" என்பேன். "ஏம்பா செந்தமிழ், சொந்த ஆளையே போட்டுத் தள்றியே, உனக்கெல்லாம் எதுக்குத் துப்பாக்கி?" என்பார் பாய். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். நான் கை நிதானமில்லாதவன் என்று ஊருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பாய் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் அதைத்தானே சொன்னார்? "கேம்லயே அவன் அப்படித்தாங்க சார், பாவம்."

பன்றி விரட்ட என் பெரியப்பா சக்கரபாணி ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். ஊரை விட்டுப் போவதற்குள் ஒரு தடவை கழுவெளி ஏரியில் வாத்து சுடலாம் வாடா என்று நான்தான் தேசப்பனைக் கூப்பிட்டேன். சத்தியமாக முழங்காலுக்குத்தான் குறி வைத்தேன் சார். காலில் நாலு ரவை ஏறினால் விசா மெடிக்கலில் கழித்துவிடுவார்கள். நொண்டிக்கொண்டாவது இங்கேயே இருப்பான், நான் சம்பாதித்துப் போடுவேன். அப்போது பார்த்து, தண்ணீரில் முன்னால் நடந்தபடியே சொன்னான்: "பாண்டியில ஒரு வீடு கட்டி அம்மாவக் கூட்டிம்போயிடுவேன்டா. அப்புறம் இந்த உப்புல எவன் கால் வைப்பான்?"

குழலைக் கொஞ்சம் மேலே தூக்கினேன்.

சேற்றில் விழுந்தவனை மடியில் போட்டுக்கொண்டேன். நான் வாய் திறப்பதற்குள், "விடுடா... தெரியாமதானே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தான். அதைத்தான் சார் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இப்போது கவனக்குறைவு என்று எழுதி கேஸை முடிக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. என் ஆயுசில் வேறு எதையும் நான் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

அவன் அம்மா அம்சவல்லி என்மேல் கேஸ் வேண்டாம் என்று உங்களிடம் கெஞ்சியது எனக்குத் தெரியும். என் கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. எனக்குச் சோறு போடும்போதெல்லாம், "மஸ்கட்டுக்குப் போயிருந்தா எம்புள்ள உசுரோட இருந்திருப்பானே" என்று அழுகிறார்கள். நானும் தட்டை நகர்த்தி வைத்துவிடுவேன். ஆனாலும் பெற்றவள் பேசுகிற பேச்சா அது? கல்யாணமாகாத பையன் என்று எரிக்காமல் புதைத்தார்கள், அதுவும் நல்லதாகப் போயிற்று. உப்பளத்துக்குப் பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில் கிடக்கிறான். நினைத்த நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.

அவர்களிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள் சார். அவனை அத்தனை தூரம் அனுப்ப இருந்தது அவர்கள். ஊரிலேயே வைத்துக்கொண்டது நான்.