பெஞ்சில் எண்ணியது

“என் கண்ணுலதான் அந்தப் பொண்ணு பாடம் படிச்சுது.”

முன் இருக்கை அம்மா இப்படிச் சொன்னதும்தான் பேருந்துப் பேச்சை எழுதிவைக்கும் எண்ணமே எனக்கு வந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்க்கொண்டிருந்தோம். இடது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதமாகியும் அவருக்குப் பார்வை தெளியவில்லை. பக்கத்தில் கணவர்.

“மெதுவா பேசுமே.”

“இன்னா மெதுவா? ஆப்பரேசன் ரூமுக்குள்ள ரெண்டு மேஜை. வெளிய பெஞ்சில வரிசைய எண்ணிப் பாத்து, பெரிய டாக்டரு மேஜைக்குப் போவலாம்னு என்னை இடம் மாத்தி உக்கார வெச்சது நீதான?”

“முன்னாடி இருந்தவர சுகர் ஜாஸ்தின்னு எழுப்பி அனுப்புவாங்கன்னு நான் கண்டனா?”

“அதுல வரிசை மாறி, படிக்கிற டாக்டரு பொண்ணுகிட்ட போயிட்டேன். கண்ணு மரத்துப் போனாலும் காது கேக்குதில்ல? பாதியில ‘நிறுத்தும்மா, நான் பாக்குறேன்’னு பெரியவரு சொல்றாரு. அந்தப் பொண்ணு அழுவுது.”

“இத்த ஏன் இவ்ளோ நாளா சொல்லல?”

“சொன்னா நீ சோறு துன்னுவியா?”

“அவங்களும் கத்துக்கினுதான ஆவணும்.”

“கத்துக்கட்டும். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு கத்துக்கட்டும்.”

“வலது கண்ணுக்கும் வரச் சொல்லிக்கீறாங்களே.”

“வர்றேன். படுக்கறதுக்கு முன்னாடி நானே கேக்குறேன், யாரு கைய வைக்கப் போறீங்கன்னு.”

“திட்டுவாங்கமே.”

“திட்டட்டும். பதில் வந்தப்புறம்தான் படுப்பேன்.”