சேர்வருக்கு வைச்ச பொட்டு

இல்லையண்ணை, நான் தண்ணி ஊத்தேல்லை. ஊத்தியிருந்தால் ஓமெண்டு சொல்லிப்போட்டு, வீட்டை போய்ப் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டு படுத்திருப்பன். நீங்கள் வேலையைப் பாருங்கோ. நான் கதவடியிலை நிக்கிறன். பால் கணக்கெல்லாம் கிடக்கிற உந்தச் சேர்வர்க் கொம்பியூட்டருக்குக் கிட்ட நான் வரக்கூடாதெண்டு மனேச்சர் கனகலிங்கத்தார் சொல்லிப்போட்டார். இவ்வளவு நாளும் அதைத் துடைச்சு வைச்சது ஆரெண்டு கேளாதேங்கோ, அவருக்கு ஞாபகம் இராது.

ஓம், வவுனியாவிலையிருந்து உங்களைக் கூப்பிட்டது திருத்த மட்டுமில்லை. கூட்டித் துடைக்கிற பெட்டை ஈரத்துணியாலை துடைச்சுப் பழுதாக்கிப்போட்டாள் எண்டு நீங்களும் ஒரு சொல்லுச் சொல்லவேணும். படிச்ச ஆள் சொன்னால் கிளிநொச்சியிலை இருக்கிற பால் சங்கத் தலைவர் நம்புவார். என்ர வேலை போகும். மனேச்சர் ஆறுதலாத் தேத்தண்ணி குடிப்பார். பால் கொண்டுவாற சனம் வெளியிலை கானோடை நிக்குதுகள், அதுகளுக்கும் ஏச ஒரு ஆள் கிடைக்கும். எல்லாருக்கும் நல்லந்தானே.

போட்டுப் பாருங்கோவன். காலமையும் உப்பிடித்தான். போட்ட உடனை விசிறியள் கெலிகொப்டர் பதிஞ்சு வாற மாதிரி இரைஞ்சுது. பிறகு அந்தச் செம்மஞ்சள் லைட். பிறகு பீப், பீப் எண்டு ஒரு அழுகை. ஸ்கிரீனிலை ஒண்டுமில்லை, கறுப்பு. முதல் கேட்டது நான்தான், வெள்ளன வந்தது நான்தானே. வெள்ளன வந்ததும் ஒரு குற்றம், பாருங்கோ.

பீப்பைக் கேட்டே என்ன பழுதெண்டு சொல்லுவியளோ? மெமரி பிடிக்கேல்லையோ? நல்லது. என்ர மகன் அழேக்கை பசியோ வயித்துக்குத்தோ எண்டு பெத்த எனக்கே விளங்கிறேல்லை. இந்த இரும்புப் பெட்டி எவ்வளவு திறமா அழுது சொல்லுது.

ஓ, கரண்டைக் கழட்டிப்போட்டுத் அந்த மெமரித் துண்டு எல்லாத்தையும் எடுக்கிறியள். பிறகு ஒண்டை மட்டும் போட்டுப் பார்க்கிறது, பிடிச்சால் மற்றது. நல்ல முறை. எங்கட சங்கத்திலை ஒண்டு பழுதானால் முதல் ஆரிலை பிழையெண்டு முடிவெடுத்துப்போட்டுப் பிறகுதான் மூடியைத் திறக்கிறது.

அழிறப்பரோ? மெய்யாவோ? பள்ளிக்கூடப் பிள்ளையள் கொப்பியிலை தேய்க்கிற அழிறப்பராலையோ உதைத் துடைக்கிறது? மேசையிலை கிடக்கு, இந்தாங்கோ. இஞ்சையிருந்தே நீட்டுறன், நான் உள்ளுக்கை வரேல்லை, பிறகு நீங்கள்தான் சாட்சி.

என்ன, மஞ்சளாக் காஞ்சு கிடக்கோ? துரு இல்லையண்ணை. மணந்து பாருங்கோ.

ஓம், சந்தனம்.

இனி மறைச்சு என்ன. வாணி விழாவுக்கு வருசா வருசம் இஞ்சை பூசை வைக்கிறது. தராசுக்குப் பொட்டு, பால் கானுக்குப் பொட்டு, பால் வைக்கிற பிரிச்சுக்கு, மோட்டச்சைக்கிளுக்கு, எல்லாத்துக்கும் பொட்டு. சேர்வருக்கு மேல்மூடியிலை ஒண்டு. இந்தமுறை மனேச்சருக்கு அது போதாமல் போச்சு. போன மாதமும் உது நிண்டுபோய்க் கிடந்தது. இன்னொருக்கா நிண்டால் நீங்கள் வீட்டிலை இருங்கோ எண்டு தலைவர் சொல்லியிருந்தவர். மனுசன் பயந்துபோனார். மூடியைத் திறந்தார். மூடிக்கு வெளியிலை நிண்டால் சரஸ்வதியும் பாவம் எப்பிடி உள்ளுக்கை போறது? வரிசையா நிக்கிற உந்தத் துண்டுகளுக்கு, ஒண்டையும் விடாமல், வழிய வழியச் சந்தனம். பிறகு மாவிலையாலை மஞ்சள் தண்ணி தெளிச்சார். அப்ப தண்ணி பட்டதெண்டு அவர் சொன்னது பொய்யில்லை என்ன? ஆர் தெளிச்ச தண்ணியெண்டதை மட்டும் மறந்துபோனார்.

நான் கண்டனான். இந்தக் கதவடியிலைதான் நிண்டனான். அவரும் என்னைக் கண்டவர்தான். ஆனால் காணாத மாதிரி இருக்கிறதிலை அவருக்கு நல்ல பழக்கம்.

தலைவரிட்டைச் சொல்லியிருக்கலாமோ? சொல்லலாம். சண்டை முடிஞ்சு முகாமிலையிருந்து வந்தாப்பிறகு பள்ளிக்கூடப் படி மிதிக்காத நான் சொல்ல, அவர் கதிரையிலை இருந்து கேட்பார். நாலு பேருக்கு முன்னாலை எனக்குச் சத்தமே வராதண்ணை. இண்டைக்கு உங்களோடைதான் இவ்வளவும் கதைக்கிறன். நீங்கள் பின்னேரம் போயிடுவியள், அதாலை.

பிடிச்சிட்டுதோ? ஓம், பீப் இல்லை. பச்சை லைட்டும் வந்திட்டுது. இரைச்சலும் அடங்கிப்போச்சு. எவ்வளவு நல்ல பிள்ளை.

தலைவருக்கோ போன் எடுக்கிறியள்? பொறுங்கோ. ஒரு சொல்லு. சந்தனமெண்டு சொல்லாதேங்கோ, தூசெண்டு சொல்லுங்கோ. தூசும் உள்ளுக்கை போறதுதானே?

தெரியுமண்ணை. தூசெண்டால் கூட்டிறவளிலைதான் பிழை. பரவாயில்லை. என்ர மனுசன் கிருபனுக்குக் கால்முறிவு சுகம் வந்திட்டுது, திரும்ப உழவு மிசின் ஓடப் போறார். நான் வேற எங்கையும் கூட்டலாம், விளக்குமாறு எல்லா இடமும் ஒண்டுதான். உந்த மனேச்சருக்கு இந்தக் கதிரையை விட்டால் என்ன கிடக்கு? அம்மாவும் இல்லை. வீட்டிலை தனியச் சமைச்சுச் சாப்பிடுறார். கறிக்கு உப்புப் போடவும் தெரியாது.

எனக்கு எப்பிடித் தெரியுமோ?

பூசை நாளண்டு நான் கூட்டுறதுக்கு வரேல்லையண்ணை. மகனை முழுகவாத்து, புதுச்சட்டை போட்டு, இடுப்பிலை வைச்சுக்கொண்டு வந்து நிண்டனான். கிருபனைக் கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அப்பா என்னோடை கதைக்கிறேல்லை. இஞ்சை வேலைக்கு வந்தாப்பிறகுதான் அதைத் துடை, இதைக் கூட்டு எண்டு ரெண்டு சொல்லு. உந்தத் துண்டுகளுக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பொட்டு வைச்சார். கிண்ணத்திலை சந்தனம் மிச்சமும் கிடந்தது. பேரன்ர நெத்தியிலையும் ஒண்டு வைப்பாராக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.

கிண்ணத்தைக் கழுவி வையெண்டு தந்திட்டுப் போனார்.

சரி, எடுங்கோ. தூசு.