காந்த அறை வாசல்

பக்கத்தில் வந்து உட்கார், துர்காம்மா. நீ எழுதிக்கொள்ளவேண்டிய கதையை ஒன்று விடாமல் சொல்கிறேன். உன் கொண்டையில் நான்கு ஹேர்பின் இருக்கிறது. சட்டைப் பையில் ஒரு சாவி. தப்பாக நினைக்காதே. பதினெட்டு வருஷமாக மற்றவர் மேல் இரும்பு தேடிய கண், போலீஸ் ஸ்டேஷனிலும் அதைத்தான் தேடுகிறது.

தாமல் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில், எலிகளின் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. எலியை மயக்கிப் படுக்கவைப்பதும், ஆராய்ச்சி முடிந்த எலிகளை வெள்ளிக்கிழமைகளில் வாயு விட்டு முடிப்பதும் என் வேலை. அதைவிட முக்கியமான வேலை, வாசலில் நிற்பது. உள்ளே இருப்பது ராட்சசக் காந்தம். சாவி, ஊக்கு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் டைரக்டரே நுழைவார்.

"செக்போஸ்ட் அக்கா நிக்கிறாங்கபா, அரணாக்கயித்தக்கூட அவுத்துடுங்க" என்று எலக்ட்ரீஷியன் சிட்டிபாபு கிண்டல் செய்வான்.

இந்த வருஷம் ஸ்கேனரின் எலெக்ட்ரானிக்ஸ் கிழடாகிவிட்டது. ஒரு போர்டு போனால் மாற்றுப் போர்டு உலகத்தில் எங்கும் கிடைப்பதில்லை. காந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் பீரோ பீரோவாக நின்ற பழைய பெட்டிகளை மட்டும் எடுத்துவிட்டுப் புதியவை வைப்பதாக முடிவானது. அவற்றோடு வாசலுக்கும் ஒன்று வந்தது. இரும்பைக் கண்டால் கத்தும் வளைவு.

அதை எனக்குக் காட்டியவர் வேணுகோபால். எட்டு மாதம் முன்பு நிர்வாக அதிகாரியாக வந்தவர். அதற்கு முன் வாலாஜாபாத் பக்கம் விசைத்தறிக் கூடம் நடத்தியவர். நல்ல மனிதர்.

"அக்கா, இனிமே இதுவே கத்தும். இத்தினி வருஷமா நின்னுக்கினே இருந்தீங்க. எலி ரூம்ல போயி உக்காருங்க, கால் வலியாவது கொறையும்."

"அதுக்குக் கண்ணு இருக்குதா தம்பி?"

"ஒங்க கண்ண வுட ஷார்ப்புக்கா" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் இல்லை. அதை நம்பி யாராவது செத்துப்போவார்களே என்ற கவலைதான்.

பழைய பெட்டிகளைக் கழற்றியாயிற்று. புதியவற்றுக்கு இன்னும் வயர் கொடுக்கவில்லை. கம்பெனி இன்ஜினியர் சென்னைக்குப் போயிருந்தார். அன்று வேணுகோபால் பூஜை வைத்தார். புதுத் தறி இறக்கினால், பழைய தறியில் பாவு நூல் தளராமல் இருக்கத் தொங்கவிடும் இரும்பு எடைக்கல்லைப் புதியதன் காலடியில் வைத்துக் கும்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். தன் முதல் தறியின் கல்லுக்கு, பத்துக் கிலோ இருக்கும், சந்தனம் குங்குமம் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு, மெஷினுக்குத் தலையே காந்தம்தான் என்று அதன் காலடியில் வைக்க வந்தார். வளைவுக்கும் மின்சாரம் வரவில்லை. அதனால் பழக்க தோஷத்தில் என் முன்னால் நின்றார்.

"மெயின் ஆஃபு, ஒயரும் இல்ல. இன்னிக்கு செத்த மெஷின் தானக்கா?"

மெயினை அணைத்தால் தறி நின்றுவிடும். அவருக்குத் தெரிந்த இயந்திரம் அதுதான். காந்தம் அப்படியல்ல. குளிர்த் திரவத்துக்குள் இருக்கும்வரை, வெளி மின்சாரம் இல்லாவிட்டாலும் அதன் இழுவிசை நிற்காது. அதை அவருக்குச் சொல்லவேண்டியவள் நான்.

"போங்க தம்பி" என்றேன்.

காந்தத்தை நெருங்கியதும், "யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குதுபா" என்று சிரித்தபடி எங்களைக் கூப்பிடத் திரும்பினார். முதுகுப் பக்கம் காந்தம், மார்பில் கல், நடுவில் அவர். கல் போகவேண்டிய இடத்துக்குப் போனது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உடைவது கேட்டது. பின்மண்டை காந்தத்தின் விளிம்பில் மோதிப் பிளந்தது. கால்கள் தரையைத் தேடி உதைத்தன. வாயிலிருந்து வந்த ரத்தத்தில் கல்லின் சந்தனம் கரைந்தது.

பூஜைக்குச் சிட்டிபாபுவோடு வந்து நின்ற ஆராய்ச்சி மாணவி ஜீவிதா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னக்கா பண்றது, சொல்லுங்கக்கா."

"கீழ ஜெனரேட்டர அணைங்க. ரெண்டு பேரும் ஓடுங்க."

அவளும் சிட்டிபாபுவும் ஓடினார்கள். ஜெனரேட்டருக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. காந்தத்தை அடக்கும் சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில், சுவரில் இருந்தது. அழுத்தினால் அரை நிமிஷத்தில் கல் கீழே விழும்.

எலிகளை முடிக்கும்போது மூச்சை எண்ணுவது என் வழக்கம். அப்படித்தான் எண்ணினேன். முப்பத்தொன்பது. கடைசி நான்கும் ரொம்பச் சின்னவை. அதுவரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது வரவில்லை. அப்புறம் பொத்தானை அழுத்தினேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள். இதையும் சேர்த்து எழுது: அந்த வளைவைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டார்களாம். ஸ்கேனர் மறுபடி ஓடும்போது வாசலுக்கு ஆள் போடப்போகிறார்களாம். எத்தனை உயிர் பிழைக்கும், யோசித்துப் பார். வேணுகோபால் தம்பிக்கும் இது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

சரி, கையெழுத்துப் போடுகிறேன். உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், துர்காம்மா. உன் வீட்டுக்காரர் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். உள்ளே யார் போகலாம், யார் போகக்கூடாது என்று பார்த்துச் சொல்ல, என்னைப் போல அக்கறையுள்ள ஒருத்தி உன் வீட்டு வாசலில் எப்போதும் நிற்கட்டும்.