பிள்ளைக்கு வாங்கிய முதல் துவக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியின் ஹனோவர் நகர ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் ஓர் ஈழத்தமிழ்த் தாயும் அவளுடைய பதின்மூன்று வயது மகளும் இருந்தார்கள். மகளின் மடியில் நீளமான ஒரு பெட்டி. இடையில் ஏறிய, அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் விசாரித்தார்.

“பெட்டிக்குள்ள என்ன அக்கா?”

“துவக்கு. பிள்ளைக்கு வாங்கினது.”

“துவக்கோ! அதுக்குப் பயந்தெல்லோ நாங்கள் நாட்டை விட்டு ஓடிவந்தனாங்கள்?”

“இது காத்துத் துவக்கு, தம்பி. கிளப்பில கடதாசியில இருக்கிற கறுப்புப் புள்ளிக்குத்தான் சுடுறது. போன கிழமைப் போட்டியில இவள்தான் முதலாவது. அதுவும் இரவல் துவக்கில.”

“எப்பிடித் தெரிஞ்செடுத்தனீங்கள்?”

“கடைக்காரர் பாரமானதைக் காட்டினார். நான் வேண்டாம் எண்டன். ஒவ்வொண்டா எடுத்து இவளின்ர தோளில வைச்சுப் பார்த்தன். ஏழாவதுதான் கை நடுங்காமல் நிண்டது.”

“நீங்களோ எடுத்தனீங்கள்? ஆமிக்காரன்ர துவக்கைக் கண்டாலே மயங்கி விழுற ஆளெல்லோ!”

“ஓம். இண்டைக்கு ஏழு துவக்கையும் நான்தான் தூக்கினன்.”

அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். “மாமா, கடைக்குப் பின்னால சுட்டுப் பாக்கிற இடம் இருக்கு. அம்மாவும் ஒருக்காச் சுட்டவ.”

“பேசாம இரடி,” என்றாள் தாய். சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.

“பட்டதோ, அக்கா?”

தாய் கைப்பையைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த கடதாசியை விரித்து, ட்ராமில் இருந்த எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். கறுப்புப் புள்ளியின் நட்டநடுவில் ஓர் ஓட்டை இருந்தது.