சோத்துப் பானைக்குள் பலகை

நானாட்டானிலிருந்து மன்னாருக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்: "என்ர மனுசன் சோத்துப் பானைக்குள்ள பலகை அவிக்கிறார், அக்கா." அதற்குப் பிறகு நான் கைபேசியைப் பார்க்கவில்லை.

"பலகையோ?"

"ஓம். வீட்டில சின்ன வள்ளம் ஒண்டு செய்யப்போறாராம். மூண்டு கடையில பிளைவூட் துண்டு வாங்கி வந்தவர். அவிச்சா, பசை சரியில்லாதது படை படையாக் கழண்டு வருமாம்."

"கழண்டதோ?"

"ரெண்டு துண்டு புத்தகம் மாதிரி விரிஞ்சிட்டுது. ஒண்டுதான் அசையேல்ல. அதைத் தலைமாட்டில வச்சுக்கொண்டு படுக்கிறார். அந்தப் பலகை வாங்கத்தான் இப்ப போறன்."

"உங்கட ஊரில எங்கயடி கடல்?"

"குளத்தில விடத்தானாம். கடல்தொழிலை விட்டிட்டு, என்னைக் கட்டி வயலுக்கு வந்து பன்ரண்டு வருசம். ஒரு நாளும் கடல் எண்டு வாய் திறந்ததில்ல."

"குளத்துக்கெண்டா இவ்வளவு பாடு எதுக்கு?"

பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். இளையவள் யன்னல் பக்கம் திரும்பினாள்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான், அக்கா. ஆனா அவிக்கேக்குள்ள பானைக்குள்ள ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டவர்."