அளவுகோலாக வைத்த ரத்தம்

எனக்கு ஊசி என்றால் பயமே கிடையாது. அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் நோயில்லாதவரின் ரத்தம் வேண்டுமென்றால் என் கையைத்தான் பிடிப்பார்கள். அதைச் சிறு சிறு குழாய்களில் உறைய வைத்து, நோயாளிகளின் ரத்தத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நான்தான் அளவுகோல்.

நாங்கள் தேடுவது எக்ஸோசோம். செல்கள் வெளியே அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத பைகள். நுரையீரல் கட்டி அனுப்பும் பைக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ., எலும்புக்கோ மூளைக்கோ முன்னதாகவே போய், கட்டி குடியேற இடம் ஒழித்து வைக்கும். அது என்னுடையதைவிடக் கூடுதலாக இருந்தால் உடனே சிகிச்சை. இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அத்தானின் நுரையீரல் கட்டியை அறுத்து எடுத்தபின் அவர் ரத்தமும் எங்களிடம்தான் வந்தது. அதற்கு முன்தினம் அக்கா சமையலறையில் என்னை மடக்கினாள்.

"ஏண்டி, ரிசல்ட் உன் கையிலதானே இருக்கு?"

"மெஷின் சொல்றதுதான்க்கா."

"மெஷினா அவர்கூடக் குடும்பம் நடத்துது? மறுபடி மருந்து ஏத்தினா செத்தே போயிடுவேங்கிறார். நல்லா இருக்குன்னு சொல்லிடுடி."

என்னை வளர்த்தவள் அவள். அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

மறுநாள் புதிதாக எடுத்த என் ரத்தத்தை அத்தான் பெயரில் வைத்தேன். ஒரு குழாய் குறைந்தால் கேள்வி வரும். ஆகவே அவருடையதை என் பெயரில், அளவுகோல் குழாய்களில் உறைய வைத்தேன்.

அத்தானுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அடுத்து வந்தவருக்கும் ஒன்றுமில்லை. அதற்கடுத்தவருக்கும்.

"என்னம்மா, இப்பல்லாம் எல்லாருக்கும் நல்ல நேரமா இருக்கு," என்று பெரிய டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாரையும் அத்தானின் ரத்தத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு அந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு ஏறியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தானைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அக்கா முகத்தில் அப்போதுதான் களை வந்திருந்தது.

ஒன்றுமில்லை என்று முடிவு வாங்கிய ஒரு பஸ் டிரைவர் என்னிடம் வந்து கேட்டார். "பொண்ணு கல்யாணத்தைப் பாத்துடுவேன்ல மேடம்?"

"தாராளமா பாப்பீங்க," என்றேன்.

முதுகுவலி என்று திரும்பி வந்தபோது அவரால் படியேற முடியவில்லை. கட்டி அவருக்கு எலும்புக்கும் அத்தானுக்கு மூளைக்கும் போயிருந்தது. அவர்கள் இறந்த பிறகும் உறைபெட்டியில் இருந்த அந்தக் குழாய்களை நான் மாற்றவில்லை. மாற்றினால் பழைய முடிவுகளையும் தோண்டுவார்கள்.

மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த நாட்களில் எங்கள் வாசலைவிட்டு ஒருவர்கூட அழுதுகொண்டு போகவில்லை.